உருபு நிற்கும் இடம்

தியாகராய நகரின் நடுவிலுள்ள பனகல் பூங்கா, 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்த பனகல் அரசரின் நினைவாகப் பெயர் பெற்றது. பனகல் என்பது ஊர்ப்பெயர்; அரசர் அதற்கு உரியவர்; அவரை ஆங்கிலத்தில் ‘ராஜா ஆஃப் பனகல்’ என்று எழுதினார்கள். அவருடைய பூங்கா என்ற பொருளை ஆங்கிலத்தில் முழுத் தொடராகச் சொல்ல நேர்ந்தால், உடைமையைக் காட்டும் ‘ஸ்’ என்ற ஒட்டு, உடையவரைக் குறிக்கும் ‘ராஜா’ என்ற சொல்லில் சேராமல், தொடரின் கடைசியில் நிற்கும் ‘பனகல்’ என்ற ஊர்ப்பெயரில் போய்ச் சேரும். தமிழில் ‘பனகல் அரசரின் பூங்கா’ என்கையில் ஊர் முன்னும் அரசர் பின்னுமாக நிற்பதால், உருபு உடையவர்மீதே விழுகிறது. மக்கள் வழக்கிலோ உருபும் இல்லை, அரசரும் இல்லை. ‘பனகல் பூங்கா’ என்ற இரண்டே சொற்களில் உடைமை, உடையவர், நினைவு ஆகிய மூன்றும் அடங்கிவிடுகின்றன. ஒரே பூங்காவைப் பற்றிய இந்த மூன்று சொல்முறைகளும், பல சொற்களாலான ஒரு தொடரில் உடைமையின் அடையாளம் எந்தச் சொல்லில் ஒட்ட வேண்டும் என்ற கேள்விக்கு மொழிகள் தரும் மூன்று வெவ்வேறு விடைகள்.

ஆங்கிலம் இந்த விடைக்கு வந்து சேர்ந்த வழி நெடியது. பழைய ஆங்கிலத்தில், சம்ஸ்கிருதத்தில் இருப்பதுபோலவே, வேற்றுமை ஈறு தனித்தனிச் சொல்லின் உறுப்பாக இருந்தது. பெயருக்கும் அதன் அடைக்கும் சேர்ந்தே ஈறு வந்தது. பின்னர் அந்த ஈறுகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தபோது, உடைமையைக் காட்டிய ‘ஸ்’ மட்டும் பிழைத்தது. பிழைத்தபோது தன் இயல்பையும் மாற்றிக்கொண்டது. பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சாசரின் கேன்டர்பரி கதைகளில், பாத் என்ற ஊரைச் சேர்ந்த பெண்மணி சொல்லும் கதையின் தலைப்பைப் பழைய சுவடிகள் ‘தி வைவ்ஸ் டேல் ஆஃப் பாத்’ என்று எழுதுகின்றன. அங்கே ஒட்டு பெண்மணியைக் குறிக்கும் சொல்லிலேயே நிற்க, ஊர்ப்பெயர் கதைக்கும் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. இன்றைய ஆங்கிலம் அதையே ‘தி வைஃப் ஆஃப் பாத்ஸ் டேல்’ என்கிறது. பெண்மணியும் ஊரும் ஒரே தொடராகக் கட்டப்பட்டு, அந்தக் கட்டின் கடைசி முனையில் ஒட்டு விழுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த இலக்கண அறிஞர் ஓட்டோ எஸ்பர்சன் இதனைக் குழு உடைமை என்னும் பொருள்பட அழைத்தார். சொல்லுக்கு உரியதாக இருந்த ஈறு, தொடருக்கு உரிய ஒட்டாக மாறியது என்பதே இதன் சுருக்கம். அதனால்தான் ஆங்கிலப் பேச்சில் ‘நேற்றுச் சந்தித்த மனிதருடைய குடை’ என்பதைச் சொல்லும்போது ஒட்டு மனிதரை விட்டு ‘நேற்று’ என்ற சொல்லின்மேல் ஏறிக்கொள்வதும் உண்டு. எழுத்தில் அதைத் தவிர்க்கச் சொல்லும் ஆசிரியர்களே பேச்சில் அதைத் தவிர்ப்பதில்லை.

சம்ஸ்கிருதம் இதற்கு நேர் எதிர்த்திசையில் நிற்கிறது. 1906இல் தொடங்கப்பட்டு மயிலாப்பூரில் நடந்துவரும் சம்ஸ்கிருதக் கல்லூரியில் முதல் வகுப்பு மாணவரும் அறிந்திருப்பதுபோல, ‘என் தம்பி கிருஷ்ணனுடைய வீடு’ என்று சொல்ல அந்த மொழியில் ‘என்’, ‘தம்பி’, ‘கிருஷ்ணன்’ ஆகிய மூன்று சொற்களும் ஆறாம் வேற்றுமை வடிவத்தை ஏற்றாக வேண்டும். ஒரே உடைமையை மூன்று முறை சொல்வது வீண் என்று தமிழ்ச் செவிக்குத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தன் உறவைத் தானே சுமப்பதால்தான் அந்த மொழியின் செய்யுள் சொற்களை விரும்பிய இடத்தில் வைக்க முடிகிறது. சொல்லுக்குச் சொல் ஈறு வைக்கும் மொழியும் தொடருக்கு ஒன்று வைக்கும் மொழியும் அடுத்தடுத்த தெருக்களில் கற்பிக்கப்படும் மயிலாப்பூரில், மக்கள் வீட்டில் பேசும் தமிழ் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்பது இயல்பானது.

மேலோட்டமாகப் பார்த்தால் தமிழ் ஆங்கிலத்தின் பக்கம்தான். ‘என் தம்பி கிருஷ்ணனின் வீடு’ என்பதில் தம்பிக்கு உருபு இல்லை. கடைசிச் சொல்லே எல்லாருக்குமாகச் சுமக்கிறது. ஆனால் தமிழ் அந்த இடத்துக்கு வந்த காரணம் வேறு. தமிழில் அடை எப்போதும் முன்னே வரும், அடைகொளி பின்னே வரும். ‘நேற்று வந்த’ என்ற எச்சமும் ‘பனகல்’ என்ற ஊரும் ‘என்’ என்ற உரிமையும் தாம் சிறப்பிக்கும் பெயருக்கு முன்பாகவே நின்றுவிடுவதால், தொடரின் தலைமைச் சொல்லும் தொடரின் கடைசிச் சொல்லும் ஒன்றாகவே அமைகின்றன. ஆங்கிலம் தன் ஒட்டை இடம்பெயர்த்துத் தீர்த்துக்கொண்ட சிக்கல் தமிழில் எழவே வழியில்லை. ‘நேற்று வந்த பெண்ணின் குடை’ என்ற தொடரில் உருபு பெண்ணின்மேலும் இருக்கிறது, தொடரின் கடைசியிலும் இருக்கிறது.

சிக்கல் எழவில்லை என்பதால் தமிழ் இலக்கணிகள் இதைப் பற்றிச் சிந்திக்கவில்லை என்று கருதக் கூடாது. உருபு எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்கள் வேறொரு நுட்பமான இடத்தில் எழுப்பினார்கள். முழுப்பொருளை முதல் என்றும் அதன் உறுப்பைச் சினை என்றும் இலக்கணம் சொல்லும். முதலும் சினையும் ஒரே தொடரில் வந்து, வினை சினைமேல் நிகழும்போது எந்தச் சொல் எந்த உருபைப் பெறும் என்பதற்குத் தொல்காப்பியம் விதி வகுத்தது. நன்னூலும் அதை வழிமொழிந்தது. முதலுக்கு ஆறாம் வேற்றுமையின் ‘அது’ வந்தால் சினைக்கு இரண்டாம் வேற்றுமையின் ‘ஐ’ வர வேண்டும். முதலுக்கே ‘ஐ’ வந்துவிட்டால் சினைக்கு ஏழாம் வேற்றுமையின் ‘கண்’ வர வேண்டும். உரையாசிரியர்கள் இதற்கு யானையையும் அதன் கோட்டையும் எடுத்துக்காட்டினார்கள்; அடையாற்றின் கரையில் நிற்கும் ஒரு மரத்தை வைத்தும் அதைக் காணலாம். ‘மரத்தினது கிளையை வெட்டினான்’ என்றால் மரம் உடையது, கிளை உடைமை, வெட்டு கிளையோடு முடிகிறது. ‘மரத்தைக் கிளைக்கண் வெட்டினான்’ என்றால் வெட்டு மரத்துக்கே நேர்ந்தது, கிளை அது நேர்ந்த இடம். நிகழ்ச்சி ஒன்றே, ஆயினும் உருபு இடம் மாறுகையில், ஊறுபட்டது யார் என்ற தீர்ப்பும் மாறுகிறது. உடைமையின் அடையாளத்தை எங்கே வைப்பது என்ற கேள்வியை வெறும் ஒழுங்காகக் கருதாமல், பொருளைப் பற்றிய தீர்மானமாகப் பார்த்த இந்தப் பார்வை இன்றைக்கும் போதிய அளவு பாராட்டப்படவில்லை.

அந்த இலக்கணிகள் உடைமையையே இரண்டாகப் பிரித்தார்கள். கை, நிறம், குணம்போலப் பிரிக்க முடியாமல் ஒன்றியிருப்பது தற்கிழமை. வீடு, நூல், நிலம்போலப் பிரிக்கத்தக்கது பிறிதின்கிழமை. உருபோ இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் ‘அது’ என்ற உருபுக்கு அவர்கள் ஒரு வரம்பு இட்டார்கள்: உடைமையாக வருவது அஃறிணையாக இருக்க வேண்டும். ‘அது’ என்பது அஃறிணை ஒருமையைச் சுட்டும் சொல்லோடு ஒத்திருப்பதால், மகனையும் தலைவனையும் ‘அது’ போட்டுக் கட்டுவது அவர்களுக்கு ஒவ்வவில்லை. மக்களைக் குறிக்கும் சொல் உடைமையின் இடத்தில் வந்தால் ‘அது’ நீங்கிக் ‘கு’ வர வேண்டும் என்பது தொல்காப்பியத்தின் முடிவு. அதன்படி ஒருவரின் மகன் என்பதை விரித்தால் ஒருவருக்கு மகன் என்றே விரியும். மனிதரை மனிதர் உடைமையாகக் கொள்வதில்லை, உறவாகவே கொள்கிறார் என்று இதற்குப் பொருள் சொல்வது மிகையாகலாம். இலக்கணி அப்படி எண்ணி விதித்தார் என்பதற்குச் சான்றில்லை. எனினும் விதி அப்படித்தான் இருக்கிறது, இன்றைய பேச்சிலும் ‘அவருக்கு இரண்டு பிள்ளைகள்’ என்றே சொல்கிறோம், ‘அவருடைய இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்’ என்று தொடங்குவதில்லை.

இன்று எழுத்துத் தமிழில் மிகுதியாக வழங்கும் ‘இன்’ பழைய இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமை உருபே அன்று. அது ஐந்தாம் வேற்றுமைக்கு உரியது. மற்ற இடங்களில் பெயருக்கும் உருபுக்கும் நடுவே வரும் சாரியை, அதாவது இரண்டையும் பொருத்தி வைக்கும் இடைநிலைத் துண்டு. உருபு உதிர்ந்துபோகச் சாரியை மட்டும் எஞ்சி, எஞ்சியதே உருபின் வேலையை ஏற்றுக்கொண்டது. ‘உடைய’ என்பதோ உருபாகப் பயன்படும் தனிச்சொல். உடைமை கொண்ட என்னும் பொருளுள்ள எச்சம். சென்னையின் பேச்சில் வரும் ‘ஓட’ இன்னொரு கதை: ‘கண்ணனோட வண்டி’ என்றால் கண்ணனுக்குச் சொந்தமான வண்டி, ‘கண்ணனோட போனான்’ என்றால் கண்ணனுக்குத் துணையாகப் போனான். ஒரே ஒலி உடைமையையும் உடன்வருதலையும் சுமக்கிறது. பின்னால் வரும் சொல் பெயரா வினையா என்பதே கேட்பவருக்கு வழிகாட்டுகிறது.

உருபே இல்லாமல் உடைமையைக் காட்டுவதுதான் தமிழின் பெருவழக்கு. இலக்கணம் இதனை வேற்றுமைத்தொகை என்கிறது. தொகுதல் என்பதற்கு இங்கே மறைதல் என்று பொருள். மறைந்தாலும் அது தடயம் விட்டுச் செல்கிறது. ‘வீடு’ என்பது ‘வீட்டு வாசல்’ என்றும், ‘குளம்’ என்பது ‘குளத்து நீர்’ என்றும், ‘ஆறு’ என்பது ‘ஆற்று மணல்’ என்றும் உருமாறுகையில், இரட்டிக்கும் மெய்யும் இடையில் ஏறும் ‘அத்து’ம் உடைமையைச் சொல்லிவிடுகின்றன. தென்சென்னையில் இதற்கு அழகிய சான்று ஒன்று உண்டு. அடையாறு என்ற நதியைக் குறித்தால் ‘அடையாற்றுக் கரை’, ‘அடையாற்று முகத்துவாரம்’ என்று றகரம் இரட்டிக்கும். அதே பெயரிலுள்ள குடியிருப்பைக் குறித்தால் ‘அடையாறு ஆலமரம்’, ‘அடையாறு கிளை நூலகம்’ என்று பெயர் அசையாமல் நிற்கும். நதியின் பெயர் தமிழ் இலக்கணத்துக்குக் கட்டுப்படுகிறது. பகுதியின் பெயரோ முகவரியாக இறுகிவிட்டது. நதியின் குறுக்கே உள்ள பாலத்தின் பெயரை எழுதுபவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் தடுமாறுவது அதனால்தான். அந்தப் பாலம் நதிக்கும் உரியது, பகுதிக்கும் உரியது.

தொகையின் மிகச் சுருங்கிய வடிவம் தமிழரின் பெயர்களிலேயே இருக்கிறது. சங்கப் புலவர் ஒருவரின் முழுப்பெயர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர், தந்தை, உறவு, பெயர் என்ற நான்கும் வரிசையாக நிற்கின்றன. ஒன்றில்கூட உருபு இல்லை. கொற்றன் என்பவரின் மகன் கொற்றனைக் கொற்றங்கொற்றன் என்றும், சாத்தனின் மகன் கொற்றனைச் சாத்தங்கொற்றன் என்றும் வழங்கியதை எழுத்ததிகார உரைகள் காட்டுகின்றன. அங்கே ‘மகன்’ என்ற சொல்லும் மறைந்து, இடையில் வரும் ஓர் ‘அம்’ மட்டுமே உறவைச் சொல்கிறது. பிற்காலத்தில் அந்த ‘அம்’மும் போய், தந்தையின் பெயரும் போய், ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் எஞ்சின. 1855இல் பிறந்து 1942இல் மறைந்த உ.வே. சாமிநாதையரின் பெயரில் உ என்பது உத்தமதானபுரம், வே என்பது தந்தை வேங்கடசுப்பையர். அவர் மறைந்த மறு ஆண்டு, 1943இல் நிறுவப்பட்டு இன்று பெசன்ட் நகரில் இயங்கும் நூல்நிலையத்தின் பெயரில் ஊருக்கு உரியவர், தந்தைக்கு மகன், அவர் பெயரால் அமைந்த நிலையம் என்று மூன்று உறவுகள் இருந்தும் உருபு ஒன்றுகூட இல்லை. பழஞ்சுவடிகளை அச்சில் ஏற்றி உரியவர்களிடம் சேர்த்தவரின் பெயரிலேயே பழைய தொகை இப்படிக் கட்டுக்குலையாமல் இருப்பது மனத்தைத் தொடும் செய்தி.

இதற்கு முற்றிலும் மாறான காட்சியை மயிலாப்பூரின், ஆழ்வார்பேட்டையின், அடையாற்றின் சாலைகள் தருகின்றன. ஆங்கிலேயர் தம் அதிகாரிகளின், வணிகர்களின் பெயரைச் சாலைகளுக்கு இட்டபோது உடைமை ஒட்டையும் சேர்த்தே இட்டார்கள். தமிழர் அந்தப் பெயரை வாங்கியபோது ஒட்டைப் பிரித்துப் பாராமல் பெயரின் உறுப்பாகவே வாங்கிக்கொண்டார்கள். எட்வர்ட் எலியட்ஸ் சாலை டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை ஆயிற்று. மௌப்ரேஸ் சாலை டி.டி.கே. சாலை ஆயிற்று, லாயிட்ஸ் சாலை அவ்வை சண்முகம் சாலை ஆயிற்று, சேமியர்ஸ் சாலைக்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரின் பெயர் வந்தது. பெயர் மாற்றத்தின் அரசியலைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதோடு நிகழ்ந்த இலக்கண மாற்றத்தை எவரும் பொருட்படுத்தவில்லை. பழைய பெயர்கள் நான்கிலும் ‘ஸ்’ இருந்தது. புதிய பெயர்கள் நான்கும் தொகையாக அமைந்தன, ‘ராதாகிருஷ்ணனின் சாலை’ என்று எவரும் எழுதவில்லை. மாறாமல் இருக்கும் எலியட்ஸ் கடற்கரையிலோ அந்த ஒட்டு இன்றும் ஒட்டியிருக்கிறது. ‘எலியட்ஸ்’ என்பதே ஓர் ஊரின் பெயர்போலத் தமிழ்ச் செவியில் பதிந்துவிட்டதால், அதற்குமேல் இன்னோர் உருபைச் சேர்த்து ‘எலியட்ஸின் அலைகள்’ என்று எழுதினாலும் எவருக்கும் உறுத்தாது. வடக்கே மெரினாவை ஒட்டி 1914இல் தொடங்கப்பட்ட மகளிர் கல்லூரிக்கு ஆங்கிலப் பெயர் குயின் மேரிஸ் காலேஜ்; தமிழ்ப் பெயர் இராணி மேரிக் கல்லூரி. ஆங்கிலத்தில் ஒட்டு நின்ற அதே இடத்தில் தமிழில் ஒரு ககர ஒற்று நிற்கிறது. அந்த ஒற்றை மிகையென்று கருதிப் பலகையில் விட்டுவிடுபவர்கள், பெயருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பிணைப்பின் அடையாளத்தைத்தான் விடுகிறார்கள்.

இதுவரை சொன்ன இடங்களில் தமிழுக்கு இடர் இல்லை. இடர் தொடங்குவது உடையவர் ஒருவராக இல்லாமல் இருவராகும் இடத்தில். பெயர்களை அடுக்கிச் சொல்லத் தமிழ் ‘உம்’ என்ற இடைச்சொல்லைப் பயன்படுத்துகிறது, இது எண்ணும்மை. வேற்றுமை உருபு பெயரோடு சேர்ந்த பின்பே உம்மை வந்து சேரும்: ‘கண்ணனுக்கும் மாலாவுக்கும்’, ‘கண்ணனையும் மாலாவையும்’, ‘கண்ணனோடும் மாலாவோடும்’. ஒவ்வொரு பெயரும் தன் உருபைத் தானே ஏற்கிறது. இவ்விடத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிட்டுச் சம்ஸ்கிருதத்தின் பக்கம் வந்துவிடுகிறது. ஆனால் ஆறாம் வேற்றுமையில் மட்டும் இந்த ஒழுங்கு முறிகிறது. ‘கண்ணனுடையவும் மாலாவுடையவும் வீடு’ என்று சென்னையில் எவரும் சொல்வதில்லை. ‘கண்ணனினும் மாலாவினும் வீடு’ என்பது பொருளே மாறிப் பிழையாகும். அண்டைமொழியான மலையாளத்தில் உடைமை உருபின்மேல் ‘உம்’ தடையின்றி ஏறுகிறது. தமிழில் ஏற மறுக்கிறது.

மறுப்பதன் காரணம் ‘உடைய’வின் பிறப்பில் இருக்கிறது. அது பெயரைத் தழுவி நிற்கும் எச்சம். ‘வந்த’, ‘நல்ல’ போன்ற எச்சங்களின்மேல் எப்படி எண்ணும்மை ஏறாதோ அப்படியே இதன்மேலும் ஏறாது. ‘இன்’ சாரியையாக இருந்து உருபானது. அதுவும் தன்னில் முற்றுப்பெறாமல் அடுத்த பெயரை எதிர்நோக்கியே நிற்பது. எனவே உம்மை தங்க இடமின்றி, உடைமைச் சொல்லைத் தாண்டிக் குதித்து, உடைமைப் பொருளின்மேல் போய் அமர்கிறது. ‘எல்லாரும்’ என்ற சொல்லை உடைமையாக்கினால் ‘எல்லாருடைய பெயரும்’ என்று வருவதைக் கவனிக்கலாம். எல்லாரிடம் இருந்த உம்மை பெயருக்குப் போய்விட்டது. ‘யாருடைய வீட்டிலும்’, ‘ஒவ்வொருவருடைய கையிலும்’ என்பனவற்றிலும் அதே குதிப்புதான். ஆங்கிலத்தில் உடைமை ஒட்டு தன் சொல்லை விட்டுத் தொடரின் கடைசிக்கு நகர்ந்தது. தமிழில் உடைமை நகரவில்லை, உம்மை நகர்ந்தது. பள்ளி இலக்கண நூல்கள் இந்த நகர்வை எடுத்துச் சொல்வதில்லை என்பது வருந்தத்தக்கது. தமிழ் பேசும் குழந்தை சிறு வயதிலேயே பிழையின்றிச் செய்யும் செயல் இது.

இருவருக்கு உரிய ஒரே பொருளைச் சொல்ல, உம்மை இல்லாத இடத்தில், எழுத்துத் தமிழ் சுமைதாங்கிச் சொற்களைக் கண்டுபிடித்துக்கொண்டது. ‘கண்ணன், மாலா ஆகியோரின் வீடு’ என்பதில் ‘ஆகியோர்’ இரு பெயர்களையும் ஒன்றாகத் திரட்டி உருபைத் தான் வாங்கிக்கொள்கிறது. ‘இருவரின்’, ‘முதலியோரின்’, ‘என்பவரின்’ என்பனவும் அத்தகையவையே. மயிலாப்பூரின் திருமண அழைப்பிதழ் எதையும் எடுத்துப் பார்த்தால் இந்தக் கட்டுமானம் முழுமையாகக் கிடைக்கும்: இன்ன ஊர் திருவாளர் இன்னார் ‘அவர்களின்’ பேரனும், இன்னார் இன்னார் ‘தம்பதியரின்’ மகனுமான மணமகன். நீண்ட பெயர்களும் பட்டங்களும் தலைப்பெழுத்துகளும் உருபின்றி அணிவகுத்து நிற்க, ‘அவர்கள்’ என்ற மரியாதைச் சொல்லும் ‘தம்பதியர்’ என்ற திரட்டுச் சொல்லும் உருபைச் சுமக்கின்றன; உம்மையோ உறவுச் சொற்களான பேரனிலும் மகனிலும் ஏறியிருக்கிறது. அழைப்பிதழின் நடையைப் பழமை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. ஒரே வாக்கியத்தில் ஆறேழு மனிதர்களின் உறவைக் குழப்பமின்றிச் சொல்லும் அந்த நடை, தமிழ் உரைநடையின் தேர்ந்த ஆக்கங்களில் ஒன்று.

இந்தச் சுமைதாங்கிகளை ஒதுக்கிவிட்டு, அண்மைக் காலத்தில் ‘மற்றும்’ என்ற சொல் அந்த இடத்தைப் பிடித்துவருகிறது. ‘மேலும்’, ‘பிறவும்’ என்ற பொருளில் வழங்கிய அந்தச் சொல், ஆங்கிலத்தின் இணைப்புச் சொல்லுக்கு ஈடாக விளம்பரங்களிலும் அறிவிப்புகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் நுழைந்து, இரண்டு பெயர்களுக்கு நடுவே நிற்கத் தொடங்கியது. அதோடு ஆங்கிலத்தின் உடைமைமுறையும் கூடவே வந்தது. ‘கண்ணன் மற்றும் மாலாவின் வீடு’ என்று எழுதுகையில், முதல் பெயர் உருபின்றி நிற்க, உருபு கடைசிப் பெயரில் மட்டும் ஒட்டுகிறது. இது ஆங்கிலத்தின் குழு உடைமை. ஆனால் அந்த மொழியில் இருக்கும் பாதுகாப்பு இதில் இல்லை. அங்கே இருவருக்கும் பொதுவான வீடென்றால் ஒட்டு கடைசியில் ஒருமுறை வரும், தனித்தனி வீடுகளென்றால் இரண்டு பெயரிலும் வரும். அந்த வேறுபாட்டை மொழி நூற்றாண்டுகளாகப் பழகியிருக்கிறது. தமிழில் உருபில்லாத பெயர் எழுவாயாகவும் இருக்கலாம் என்பதால், ‘கண்ணன் மற்றும் மாலாவின் தந்தை வந்தார்கள்’ என்ற வாக்கியத்தில் வந்தவர் கண்ணனும் மாலாவின் தந்தையுமா, அல்லது இருவருக்கும் பொதுவான தந்தையா என்பது தெளிவாகாது. தந்தையை மதித்துப் பன்மையில் சொல்லும் வழக்கம் இருப்பதால் வினைமுற்றும் உதவிக்கு வராது. வீட்டு வாடகை ஒப்பந்தத்திலோ உயிலிலோ இந்த மயக்கம் நுழைந்தால், அது வெறும் நடைக்குறையாக நில்லாமல் வழக்காகவும் மாறும்.

இந்த மயக்கத்தைத் தீர்க்கத் தமிழுக்குள்ளேயே ஒரு வழி உண்டு. சென்னை அதைக் கைவிட்டது, இலங்கை கைவிடவில்லை. இலங்கைத் தமிழ் நாளேடுகளிலும் அரச ஆவணங்களிலும் நூல்களிலும் ‘அரசாங்கத்தினதும் மக்களினதும் கடமை’, ‘பெற்றோரினதும் ஆசிரியரினதும் ஒத்துழைப்பு’ போன்ற தொடர்கள் இயல்பாக வருகின்றன. ‘உடைய’வும் ‘இன்’னும் ஏற்க மறுத்த உம்மையை ‘அது’ ஏற்றுக்கொள்கிறது. காரணம் எளிது: ‘அது’ எச்சம் அன்று, சாரியையும் அன்று, பெயரின் தன்மை கொண்ட ஈறு. ‘என்னது’, ‘அவனது’ என்று தனித்து நிற்கும் ஆற்றல் அதற்கு இருப்பதால், ‘உம்’மைத் தாங்கும் வலுவும் இருக்கிறது. பழைய இலக்கணிகள் அஃறிணை உடைமைக்கென்று விதித்த அந்த உருபின் வரம்பை இலங்கை வழக்கு முழுதாகப் போற்றுவதில்லை, மக்களைக் குறிக்கும் உடைமைக்கும் அதைச் சேர்ப்பதுண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த வரம்பைச் சென்னை வழக்கும் நெடுங்காலத்துக்கு முன்பே விட்டுவிட்டது. ‘எனது மகன்’ என்று எழுதும் சென்னைக்காரர் ‘கண்ணனதும் மாலாவினதும் மகன்’ என்பதில் குறை காண்பதற்கு முகாந்திரம் இல்லை.

1856இல் திராவிட மொழிகளை ஒப்பிட்டு இலக்கணம் எழுதிய கால்டுவெல், உடைமையை உணர்த்தும் வழிகள் இந்த மொழிகளில் எத்தனை உண்டென்று விரிவாகவே வகைப்படுத்தினார். அவருடைய சிலை 1968 முதல் மெரினாவில் நிற்கிறது. அவர் வகைப்படுத்திய அந்தப் பன்மையில் ஒரு கிளையைக்கூட இழக்க வேண்டிய நெருக்கடி இன்றைய எழுத்துத் தமிழுக்கு இல்லை. உருபை ஒவ்வொரு பெயரிலும் வைத்து உடைமையைத் திரும்பச் சொல்லலாம். ‘ஆகியோர்’ போட்டுத் திரட்டலாம். உம்மையை உடைமைப் பொருளுக்கு நகர்த்தலாம். ‘அது’வோடு ‘உம்’ சேர்த்து இணைக்கலாம். நான்கும் தமிழின் சொந்த வழிகள், நான்கும் ஒன்றுக்கொன்று நுண்ணிய பொருள் வேறுபாடு உடையவை. ஐந்தாவதாக வந்த ‘மற்றும்’ இவற்றில் எதைக்காட்டிலும் தெளிவானது அன்று.

ஈழத்து எழுத்தாளர்களின் கைப்பிரதிகள் சென்னைப் பதிப்பகங்களுக்கு இன்று நிறையவே வருகின்றன. அவற்றில் ‘இனதும்’ என்று முடியும் சொற்களைக் காணும் மெய்ப்புத் திருத்துநர்கள், அதைப் பிழையென்றோ வட்டார வழக்கென்றோ கருதி அடித்துவிட்டு அந்த இடத்தில் ‘மற்றும்’ எழுதாமல் இருந்தால் போதும்.